வந்திட்டனும் வந்தனானும்

வணக்கம் சேர்,

நான் சாவகச்சேரியில் பிறந்தவள். பத்து வருஷமாகக் கொழும்பில் இருக்கிறேன். வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில். போன கிழமை வாடிக்கையாளர் ஒருவருக்கு 'ஐ ஹேவ் சென்ட் த டொக்கியுமன்ட்ஸ் யெஸ்டர்டே' என்று மின்னஞ்சல் எழுதினேன். மேலாளர் எல்லாருக்கும் முன்னால் அதைத் திரையில் காட்டிப் பிழை என்றார். என்ன பிழை என்று சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். அங்கே சுவரில் 12 கட்டம் போட்ட கால அட்டவணை தொங்குகிறது. அதை முழுவதும் பாடமாக்கிவிட்டேன். ஆனால் தொலைபேசியில் யாராவது பேசினால், எந்தக் கட்டம் என்று யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. எனக்கு 41 வயது. இனி இது வருமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

வரும். பாதி ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மின்னஞ்சல். 'ஹேவ் சென்ட்' என்றால், அனுப்பிய வேலை முடிந்து அதன் பயன் இப்போது கையில் இருக்கிறது என்று பொருள். பேச்சு இப்போதைப் பற்றியது. 'யெஸ்டர்டே' என்றதும் பேச்சு நேற்றைக்குப் போய்விடுகிறது. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இருக்க விடாது. 'ஐ ஹேவ் சென்ட் த டொக்கியுமன்ட்ஸ்' என்று நிறுத்துங்கள், அல்லது 'ஐ சென்ட் த டொக்கியுமன்ட்ஸ் யெஸ்டர்டே' என்று எழுதுங்கள். இதை விளக்க மேலாளருக்கு ஒரு நிமிஷம் போதும். பலர் முன்னிலையில் பிழை என்று மட்டும் சொல்லி விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது உங்கள் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் நம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் பேசுவதை நினைத்துப் பாருங்கள்.

"சாப்பிட்டிட்டியோ பிள்ளை?"
"ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்."
"எப்ப சாப்பிட்டனீ?"
"எட்டு மணிக்குச் சாப்பிட்டனான்."

முதல் கேள்விக்கு வயிறு நிரம்பியிருக்கிறதா என்பதுதான் முக்கியம், நேரம் அல்ல. 'எப்ப' என்று கேட்டவுடனே அம்மாவின் வினைச்சொல் தானாக மாறிவிட்டது, உங்களுடையதும் கூடவே மாறியது. ஊருக்குப் போனால் சந்தியில் நிற்பவர் "எப்ப வந்தனீங்கள்?" என்றுதான் கேட்பார். "எப்ப வந்திட்டீங்கள்?" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதே உரையாடல் ஆங்கிலத்தில்: 'ஹேவ் யூ ஈட்டன்?' 'யெஸ், ஐ ஹேவ்.' 'வென் டிட் யூ ஈட்?' 'ஐ ஏட் அட் எய்ட்.' சாப்பிட்டிட்டன் இருக்கிற இடத்தில் 'ஹேவ் ஈட்டன்', சாப்பிட்டனான் இருக்கிற இடத்தில் 'ஏட்'. பொருத்தம் நூற்றுக்கு நூறு இல்லை. "எட்டு மணிக்கே சாப்பிட்டிட்டன்" என்று நாங்கள் சொல்லலாம், ஆங்கிலத்தில் அதற்கும் 'ஏட்' தான் வரும். ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல படி இல்லை. 'வந்தனான்' என்பதைக் கொச்சை என்று வகுப்பில் திருத்தித் திருத்தி, பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த நுட்பத்தை மறக்கச் செய்கிறோம். இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

தமிழ் உங்களைத் தவறான பக்கம் இழுக்கும் இடங்களும் உண்டு. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் பம்பலப்பிட்டியில் நிற்கும்போதே, வெள்ளவத்தையில் காத்திருப்பவருக்கு "இந்தா வந்திட்டன்" என்று சொல்லியிருப்பீர்கள். அது பொய்யல்ல. விரைவு காட்ட எதிர்காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே விதி இருக்கிறது. 'இன்னும் உண்ணவில்லையா' என்று அவசரப்படுத்துகிறவனுக்கு, உண்ணத் தொடங்காதவனும் உண்டுகொண்டிருப்பவனும் 'உண்டேன், போந்தேன்' என்று சொல்வதைப் பழைய உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். இத்தனை நூற்றாண்டு கழித்தும் பஸ்ஸில் நாம் அப்படியே பேசுகிறோம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது. ஆனால் வாடிக்கையாளரிடம் 'ஐ ஹேவ் கம்' என்றால் அவர் வாசலைப் பார்ப்பார். அங்கே 'ஐ ஆம் ஆன் மை வே' என்று சொல்லவேண்டும்.

இதைவிட முக்கியமானது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "பத்து வருஷமாகக் கொழும்பில் இருக்கிறேன்." தமிழுக்கு நிகழ்காலம் போதும். அந்தப் பழக்கத்தில் 'ஐ ஆம் லிவிங் இன் கொலம்போ ஃபோர் டென் இயர்ஸ்' என்று வாயில் வந்துவிடும். அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிற எதற்கும் ஆங்கிலம் 'ஹேவ்' கேட்கும்: 'ஐ ஹேவ் லிவ்ட்', அல்லது 'ஐ ஹேவ் பீன் லிவிங்'. 'ஹேவ்' ஐ விட்டுவிட்டு 'ஐ லிவ்ட் இன் கொலம்போ ஃபோர் டென் இயர்ஸ்' என்றால், நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு சாவகச்சேரிக்கே திரும்பிவிட்டதாகத்தான் கேட்பவர் நினைப்பார். ஒரு சொல்லில் உங்கள் முகவரியே மாறிவிடுகிறது. நீளத்தைச் சொன்னால் 'ஃபோர்', தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்'. இந்த 'சின்ஸ்' நம்முடைய 'இருந்து' தான்.

'டிட் யூ வென்ட்?' என்பதும் நம்மவர்கள் அடிக்கடி விடும் பிழை. 'டிட்' காலத்தை எடுத்துக்கொண்டது, வினைக்கு மிச்சம் இல்லை: 'டிட் யூ கோ?' தமிழில் 'போனேனில்லை' என்று பேசுவதில்லையே, 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம்.

அந்த 12 கட்டம் பிழையில்லை. மூன்று காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை. ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் வரையப்பட்டிருப்பதால், நாளுக்கு நூறு தடவை வேண்டியதும் மாதத்துக்கு ஒரு தடவை வேண்டியதும் ஒன்றுபோலத் தெரிகின்றன. உங்கள் அலுவலகத்துக்கு இப்போது ஐந்து போதும்: 'ஐ சென்ட்', 'ஐ ஹேவ் சென்ட்', 'ஐ ஆம் சென்டிங்', 'ஐ வில் சென்ட்', தினமும் செய்வதற்கு 'ஐ சென்ட் தெம் எவ்ரி மன்டே'. முதலாவதும் கடைசியும் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. இறந்தகாலத்தில் (sent) கடைசி ஒலி அதிர்வில்லாத 't', நிகழ்காலத்தில் (send) மெல்லிய அதிர்வுள்ள 'd'. அதனால் வாயால் சொல்லும்போது 'யெஸ்டர்டே' யையோ 'எவ்ரி மன்டே' யையோ சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

இன்றிரவு அம்மாவுடன் பேசும்போது பக்கத்தில் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் '-இட்டன்' மூன்றையும் '-னான்' மூன்றையும் எழுதுங்கள். ஆறையும் ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் ஏன் என்று எழுதித் திருத்தி அனுப்புகிறேன்.