‘நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே’ என்று மையம் கைகழுவ முடியுமா?

கேள்வி: எனக்கு 31 வயது, திண்டுக்கல் மாவட்டம். திருமணமாகி 6 வருடமாகியும் குழந்தை இல்லை. மதுரையில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்குச் சேர்ந்தோம். ‘இங்கே ஒரு ஸ்டடி நடக்கிறது. சேர்ந்தால் ஊசி இலவசம்’ என்று சொல்லி, 11 பக்க ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். படிவத்தின் நகல் தரவில்லை. ஊசிக் குப்பியில் பெயரும் இல்லை, விலையும் இல்லை, ஒரு எண் மட்டும் இருந்தது. கருமுட்டை எடுத்த 5ஆம் நாள் வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு முட்டியது. ஸ்டடி கோ-ஆர்டினேட்டருக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். ‘இளநீர் குடிங்க, சரியாகிடும்’ என்று பதில் வந்தது. மறுநாள் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். 9 நாள் இருந்தேன், அதில் 4 நாள் ஐ.சி.யூ. வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். பில் ₹2,86,000. இப்போது 14 மாதம் ஆகிறது. ‘இது தெரிந்த பக்கவிளைவுதான், படிவத்திலேயே போட்டிருக்கிறது’ என்கிறது மையம். எங்களுடைய 5 கருக்கள் அங்கேதான் உறைநிலையில் இருக்கின்றன. புகார் கொடுத்தால் அவற்றை என்ன செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு வந்தது ஓ.எச்.எஸ்.எஸ்., அதாவது கருமுட்டைகளை வளர்க்கும் ஊசிக்கு சினைப்பைகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும் நிலை. இது தெரிந்த பக்கவிளைவு என்று மையம் சொல்வது மருத்துவப்படி சரி. சட்டப்படி அது பதிலே ஆகாது. அந்த மையத்தில் நீங்கள் சிகிச்சை பெற்ற நோயாளி, அதோடு ஓர் ஆய்வின் பங்கேற்பாளரும்கூட. ஆய்வில் சேர்த்துக்கொண்டவருக்கு உடல் கெட்டால் செலவை யார் ஏற்பது என்பதை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. எதிர்பார்த்த பக்கவிளைவு என்றால் பொறுப்பு இல்லை என்று அந்த விதிகளில் எங்குமே கிடையாது.

ஆகவே வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று: நீங்கள் சேர்ந்த ‘ஸ்டடி’ எந்த வகை? உங்கள் உரிமை முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் புதிய மருந்தைச் சோதிக்கும் கிளினிக்கல் ட்ரையல் என்றால், இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் முன் அனுமதி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) ஒப்புதல் இரண்டும் வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தைப் புதிய அளவிலோ புதிய நோய்க்கோ கொடுத்து, கல்வி நோக்கத்துக்காக மட்டும் மருத்துவர்களே நடத்தும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். புது மருந்து எதுவும் இல்லாத பொதுவான உடல்நல ஆய்வுக்கு, சிகிச்சைச் செலவும் இழப்பீடும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி தரப்பட வேண்டும் என்று அந்த 2019 விதிகளின் 43ஆம் விதி சொல்கிறது. (ஸ்டென்ட் மாதிரியான கருவிகளின் சோதனையில் சேர்ந்தவர்களுக்கு விதிநூலே வேறு. அவர்கள் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளைப் பார்க்க வேண்டும்.)

பெயரும் விலையும் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய குப்பி என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் விற்கும் மருந்தை அப்படிக் கொடுக்க மாட்டார்கள். முதல் வகைச் சோதனையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள். கருமுட்டையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஊசி இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது, மற்றொன்று மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரிப்பது. சாதாரண மருந்துகள் அனுமதி பெற்று 4 ஆண்டு கடந்தால் ‘புதிய மருந்து’ என்ற பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். மரபணு மறுசேர்க்கை மருந்துகள் எத்தனை ஆண்டு ஆனாலும் விதிப்படி புதிய மருந்துதான். ‘இது பழைய மருந்துதானே’ என்று மையம் சொன்னால், எந்த வகை எஃப்.எஸ்.எச். என்று எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். மையத்தின் பெயரையும், ஐ.வி.எஃப்., எஃப்.எஸ்.எச். போன்ற சொற்களையும் போட்டுத் தேடுங்கள். பணம் போடும் ஸ்பான்சர் யார், பொறுப்பான ஆய்வு மருத்துவர் யார், எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது, எந்தத் தேதியில் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு நடந்திருக்க வேண்டும். உங்களுக்கு முதல் ஊசி போட்ட தேதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதிவுகள் பின்னால் திருத்தப்படுவது உண்டு.

அடுத்து ஆவணங்கள். ‘என்னுடைய முழு கேஸ் ஷீட், ஸ்கேன் மற்றும் ஹார்மோன் அறிக்கைகள், ஊசிகளின் பெயர், அளவு, தொகுதி எண், பங்கேற்பாளர் தகவல் தாள், நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம், என் உடல்நலக் கேடு குறித்து நீங்கள் அனுப்பிய அறிக்கை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்’ என்று மையத்துக்கு ஒரே கடிதமாக, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை ஒழுங்குமுறை. கையெழுத்தான படிவத்தின் நகலையும் தகவல் தாளையும் பங்கேற்பாளரிடமோ உடன் இருப்பவரிடமோ கொடுக்க வேண்டும் என்பது சோதனை விதிகளிலேயே இருக்கிறது. அதைத் தராதது முதல் மீறல்.

படிவம் கைக்கு வந்ததும் பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் படிவத்தின் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். நீங்கள் கையெழுத்திட்ட தேதிக்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், படிவத்தைப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைசிப் பக்கத்தில் ஐந்து வாக்கியங்களும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் இருக்கும். தகவல் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன், என் விருப்பத்தோடு சேர்கிறேன் என்பது போன்ற வாக்கியங்கள் அவை. அந்தக் கட்டங்களில் உங்கள் சுருக்கொப்பம் (இனிஷியல்) இருக்க வேண்டும். வேறு யாரோ டிக் அடித்திருக்கிறார்களா, மை வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றுக்கும் படிவத்தில் இடம் உண்டு. அவை காலியாகவோ தவறாகவோ இருந்தால், உங்களிடம் எதையும் கேட்காமலேயே நிரப்பினார்கள் என்பதற்கு அது சாட்சி. பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது கட்டாயம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கிலத் தாளில் வாங்கிய கையெழுத்தை அறிந்து தந்த ஒப்புதல் என்று மையம் நிரூபிப்பது எளிதல்ல.

ஒப்புதல் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் சொன்னது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். 44 வயதுப் பெண் ஒருவர் லேப்ராஸ்கோபி மூலம் நோயைக் கண்டறிவதற்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, அவர் தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஒன்றுக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது, நோயாளிக்குப் போதிய தகவல் தராமல் வாங்கியது ஒப்புதலே அல்ல என்று நீதிமன்றம் தீர்த்தது. ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு நீங்கள் தந்த ஒப்புதல் வேறு, ஆய்வில் சேரத் தந்த ஒப்புதல் வேறு என்று வாதாட இதுவே அடிப்படை.

இனி பணம். 2019 சோதனை விதிகளின் 40ஆம் விதிப்படி, சோதனையின்போது உடல்நலக் கேடு வந்தால் அதற்கான மருத்துவத்தை இலவசமாகத் தர வேண்டும். எவ்வளவு நாள்? தேவைப்படும் வரை, அல்லது அந்தக் கேட்டுக்கும் சோதனைக்கும் தொடர்பில்லை என்று நிறுவப்படும் வரை, எது முந்தையதோ அதுவரை. தொடர்பு இருக்கிறது என்று நீங்கள் முதலில் நிரூபித்த பிறகுதான் செலவு தருவோம் என்று அவர்கள் சொல்ல இதில் இடமில்லை. எந்தெந்தக் கேடு சோதனை சார்ந்தது என்பதை 41ஆம் விதி அடுக்குகிறது: சோதனை மருந்தின் பாதகம், ஆய்வு மருத்துவரின் கவனக்குறைவு, சோதனைக்காகச் செய்த செயல்முறையால் வந்த கேடு, பெற்றோர் சோதனையில் பங்கேற்றதால் வயிற்றுக் குழந்தைக்கு வரும் கேடு. உங்கள் ஓ.எச்.எஸ்.எஸ். முதல் வகையிலேயே வருகிறது. ‘நீங்கள் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தீர்கள், உங்களுக்குப் போட்டது புது மருந்தில்லை’ என்பார்கள். சோதனையில் பயன்படுத்தப்படும் மருந்தும் விதியின் விளக்கத்துக்குள் அடங்கும். ₹2,86,000 முழுவதையும் இந்த விதியின் கீழ் கேளுங்கள்.

இழப்பீடு இதற்கு மேல் தனியாகத் தர வேண்டியது. ஆனால் அந்தத் தொகை சிறியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குணமாகிவிட்ட கேட்டுக்கு அதே விதிகளின் ஏழாம் அட்டவணையில் உள்ள கணக்கு: டெல்லியில் திறனற்ற தொழிலாளியின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியை இரண்டால் பெருக்கி, மருத்துவமனையில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். கூலி ₹700 என்று வைத்தால் 9 நாளுக்கு ₹12,600. பலர் இந்தக் கணக்கை மட்டும் பார்த்து மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். அது தவறு. உயிருக்குப் போராடிய 4 நாளுக்கும் உங்கள் கணவர் இழந்த சம்பளத்துக்கும் வேறு வழி இருக்கிறது.

அதற்கு முன் நாள் கணக்கு. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்த எந்தக் கேடும் ‘கடுமையான பாதக நிகழ்வு’. வேறு மருத்துவமனையில் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். ஆய்வு மருத்துவர் அதை 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கும், ஸ்பான்சருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் ஆய்ந்த அறிக்கை போக வேண்டும். 30 நாளுக்குள் நெறிமுறைக் குழு தன் கருத்தை அனுப்ப வேண்டும். தலைமை அதிகாரி உத்தரவிட்டால் 30 நாளுக்குள் ஸ்பான்சர் பணம் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் அறிக்கையே போகவில்லையோ என்று சந்தேகிக்கிறேன். டெல்லியிலுள்ள, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வின் தலைமையகத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, பில், வாட்ஸ்ஆப் பதிவு இவற்றுடன் புகார் அனுப்புங்கள். ஒரு நகல் சென்னை தென் மண்டல அலுவலகத்துக்கும், ஒன்று நெறிமுறைக் குழுவின் தலைவருக்கும். கூடவே ₹10 கட்டணத்தில் சி.டி.எஸ்.சி.ஓ.வுக்கு ஆர்.டி.ஐ. மனு போட்டு, இந்தச் சோதனைக்கு அனுமதி தந்தீர்களா, என் கேடு பற்றி அறிக்கை வந்ததா, எந்தத் தேதியில் வந்தது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். சோதனைத் திட்டத்தையே கேட்டால் வணிக ரகசியம் என்று மறுத்துவிடுவார்கள்.

மிச்சத்துக்கு நுகர்வோர் ஆணையம். இதில் தாமதிக்காதீர்கள். கெடு 2 ஆண்டு, உங்களுக்கு 14 மாதம் போய்விட்டது. சி.டி.எஸ்.சி.ஓ. பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். மதுரைக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து வராது, சிகிச்சைக்குக் கொடுத்த தொகையை வைத்தே வரும். அது ₹5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. ‘ஊசியை இலவசமாகத்தானே தந்தோம், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்ற வாதம் வரலாம். ஐ.வி.எஃப்.புக்கு நீங்கள் பணம் கட்டிய ரசீது அதை முடித்துவிடும். மையம், ஆய்வு மருத்துவர், ஸ்பான்சர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

கவனக்குறைவு என்ற பகுதிக்கு வலு சேர்ப்பது ஸ்கேன் அறிக்கைதான். நீர்க்கட்டிச் சினைப்பை உள்ளவர்களுக்கும், முட்டைப்பைகள் நிறைய வளர்ந்தவர்களுக்கும் ஓ.எச்.எஸ்.எஸ். அபாயம் அதிகம் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசியின் அளவைக் குறைப்பது, முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியாக எச்.சி.ஜி.க்குப் பதில் வேறொன்றைப் போடுவது, கருவை உடனே வைக்காமல் உறைய வைப்பது என்று தடுக்கும் வழிகள் இருக்கின்றன. கடைசி ஸ்கேனில் எத்தனை முட்டைப்பைகள் இருந்தன, அதன் பிறகு எந்த ஊசி, எத்தனை யூனிட் போட்டார்கள் என்பதை, உங்களைக் காப்பாற்றிய மருத்துவமனையின் மருத்துவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். மூச்சு முட்டுகிறது என்று எழுதியவரை உடனே வரச் சொல்லாமல் இளநீர் குடிக்கச் சொன்னது தனிக் குற்றச்சாட்டு. அந்த வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றோடு சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

கருக்களைப் பற்றிய உங்கள் பயம் புரிகிறது. பலர் வாய் திறக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். அவை உங்களுடையவை. 2021ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி கருவை 10 ஆண்டு வரை பாதுகாக்கலாம். அதன் பிறகும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கத் தம்பதியின் சம்மதம் வேண்டும். கருப்பையில் வைக்கும் முன்பு எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். கையெழுத்திட்ட தாள்களில் ‘மீதிக் கருக்களை ஆராய்ச்சிக்குத் தர சம்மதம்’ என்ற வரி ஒளிந்திருக்கலாம் என்பதால், ‘அப்படி ஏதேனும் தந்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறோம், 5 கருக்களையும் எங்கள் சொந்தப் பயனுக்காக மட்டும் பாதுகாக்கவும்’ என்று இருவரும் கையெழுத்திட்டுப் புகாருக்கு முன்பே கடிதம் அனுப்பிவிடுங்கள். சேமிப்புக் கட்டணத்தை ஒரு மாதம்கூட நிலுவை வைக்காதீர்கள். வேறு மையத்துக்கு மாற்ற நினைத்தால் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும், நீங்களாகப் போய் எடுத்து வர முடியாது. ஆணையத்தில் மனுப் போடும்போதே, வழக்கு முடியும் வரை கருக்களுக்கு எதுவும் செய்யக்கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். இடையில் மையம் சமாதானம் பேச அழைத்தால் போங்கள், ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். மூலப் பில்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் யாரிடமும் கொடுத்துவிடாமல் நகலை மட்டும் காட்டுங்கள்.