கிணத்தடிச் சண்டையும் சிவப்புப் பென்சிலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (குளச்சல் வாசகர்): என் மருமகன் கஃப்ஜியில வெல்டர் வேலை பாக்கான். அந்த ஏரியாவை பழைய ஆளுங்க 'நியூட்ரல் சோன்'னு சொல்லுதாங்களாம். அது சவூதியா குவைத்தா? யாரு வச்ச பேரு?

பதில்: இன்னைக்கு தேதிக்கு ஊரு சவூதிதான், மருமகன் கையில இருக்குத இக்காமாவை, அதான் அந்த ஊர்ல தங்குததுக்கான அட்டையைப் பாத்தாலே தெரிஞ்சிருமே. ஆனா அங்க கடலுக்குள்ள எடுக்குத எண்ணெயில பாதி குவைத்துக்கு, அந்த கூத்துக்கு காரணம் 1922-ல நடந்த ஒரு மீட்டிங்.

அப்போ நஜ்து, அதான் அரேபியா நடுப்பகுதி, அங்க பின்னாடி சவூதி அரேபியாவை உண்டாக்கின இப்னு சவூத் வளந்துட்டு வாராரு, ஈராக் வெள்ளக்காரன் கைப்பிடியில இருக்கு, குவைத்து 1899-லயே வெள்ளக்காரன்கிட்ட ஒப்பந்தம் போட்டு அவன் குடைக்குள்ள வந்தாச்சு, மூணுக்கும் நடுவுல பாலைவனம், அதுல கோடுன்னு ஒண்ணும் கிடையாது. பெர்சி காக்ஸுன்னு ஒருத்தர், ஈராக்ல பிரிட்டிஷ் ஹை கமிஷனர், உகைர்ங்கிற கடற்கரையில கூடாரம் அடிச்சு எல்லாரையும் கூப்பிட்டாரு. அஞ்சாறு நாள் வாய்ச்சண்டை, ஒண்ணும் முடியல. கடைசியில காக்ஸ் பொறுமை போயி, இப்னு சவூதை பள்ளிக்கூடத்துப் பையனை வாத்தியார் திட்டுத மாதிரி திட்டிட்டு, சிவப்புப் பென்சிலை எடுத்து மேப்ல தானே கோட்டைப் போட்டுட்டாரு. இதைச் சொன்னது அங்க கூட இருந்த டிக்சன்ங்கிற பிரிட்டிஷ் ஆபீசர். அதுக்கப்புறம் இப்னு சவூத் தன் கூடாரத்துல, பாதி ராஜ்யத்தை எடுத்துட்டீங்களேன்னு கண்ணீர் விட்டாராம், காக்ஸும் அவரு கையைப் பிடிச்சுட்டு கூட சேந்து அழுதாராம். மேப்ல போட்ட கோடு மட்டும் அழியல, கேட்டியளா.

உண்மையில அடி வாங்கினது குவைத்துதான். 1913-ல வெள்ளக்காரனும் துருக்கியும் பேசி எழுதி வச்ச கணக்குப்படி குவைத்துக்குன்னு இருந்ததுல மூணுல ரெண்டு பங்கு இப்னு சவூத் பக்கம் போயிட்டு. அதைக் கேக்க குவைத்து ஆளு ஒருத்தரும் அங்க இல்ல, அவங்க சார்பா உக்காந்திருந்தது பிரிட்டிஷ் ஏஜென்ட் ஒருத்தர், அவரும் வாயே தொறக்கலன்னு டிக்சன் சொல்லுதாரு. நம்ம ஊர் பாகப்பிரிவினையில வராத தங்கச்சி பங்கு எப்பிடி போகும்னு தெரியும்லா, அதே கதை.

முடிவே பண்ண முடியாத ரெண்டு துண்டு மிஞ்சிச்சு. ஒண்ணு ஈராக்குக்கும் நஜ்துக்கும் நடுவுல, ஒண்ணு குவைத்துக்கும் நஜ்துக்கும் நடுவுல. அதை ரெண்டு பேருக்கும் பொதுன்னு விட்டாங்க, அதான் நியூட்ரல் சோன். வெறும் மணலுன்னு நெனச்சு விட்டது, 1953-ல குவைத்துப் பக்கத்து துண்டுல உள்ள வஃப்ராவுல எண்ணெய் வந்ததும் அந்த மணலுக்கு வந்த மவுசு சொல்லி முடியாது. 1965-ல குவைத்துப் பக்கத்து துண்டை ரெண்டா பிரிச்சுக்க ஒப்பந்தம் போட்டாங்க, எண்ணெய் மட்டும் இன்னும் பாதிப்பாதி.

கேள்வி (தக்கலை வாசகி): அந்தக் காலத்துல பாலைவனத்துல கூட்டம் கூட்டமா வந்து கொள்ளையடிச்சாங்கன்னு படிச்சேன். எல்லாரும் கொள்ளைக்காரங்களா?

பதில்: ரெண்டு விதத்தை ஒண்ணாப் போட்டு குழப்பிக்காதீங்க தங்கச்சி. ஒண்ணு பழைய வழக்கம், கஸ்வுன்னு சொல்லுவாங்க. ஒரு கோத்திரம் இன்னொரு கோத்திரத்து ஒட்டகத்தை ஓட்டிட்டு வாரது, மழை பொய்ச்ச வருஷம் அது பொழப்பு, வாலிபப் பிள்ளைகளுக்கு அது பேரு வாங்குத வழி. அதுலயும் ஒரு நியாயம் உண்டு, பொம்பளைகளைத் தொடக்கூடாது, தேவையில்லாம ஆளைக் கொல்லக்கூடாது, இன்னைக்கு நீ ஓட்டினா நாளைக்கு நான் ஓட்டுவேன்.

இன்னொண்ணு இக்வான். 1912 வாக்குல அர்தாவியான்னு ஒரு கிணத்தடியில பதூவின்களை, அதான் பாலைவனத்து நாடோடிகளை குடியமத்தி, மார்க்கக் கல்வி குடுத்து, இப்னு சவூத் வளத்த படை. இவங்களுக்கு எதிராளி ஒட்டகத்துக்காரன் மட்டும் இல்ல, மார்க்கத்துல வழிதவறினவன். அதனால பழைய நியாயம் எல்லாம் காத்துல போயிட்டு, ஆம்பளைன்னு கண்டா வெட்டுதான். 1920 அக்டோபர்ல குவைத்து பக்கத்துல ஜஹ்ராவுல வந்து விழுந்தாங்க, குவைத்து ஷேக் சாலிமும் அவரு ஆளுகளும் செங்கோட்டைன்னு சொல்லுத மண்கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு தண்ணிக்கு தவிச்சுப் போனாங்க. அந்தக் கோட்டை இன்னும் இருக்கு, குவைத்துல இருக்க நம்ம பிள்ளைகள் வெள்ளிக்கிழமை லீவுக்கு போயி போட்டோ எடுத்து அனுப்புதாங்களே, அதுதான்.

சிலபேரு இக்வானை வெள்ளக்காரனை எதுத்த வீரன்னு மட்டும் எழுதுதாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. ஈராக் பக்கம் ஆடு மேய்ச்சுட்டு இருந்து இவங்ககிட்ட வெட்டுப்பட்டவன் என்ன ஏகாதிபத்தியமா?

கேள்வி (நாகர்கோவில் கல்லூரி மாணவர்): எல்லைக்கோடு போட்ட பிறகும் சண்டை ஏன் நிக்கல சார்?

பதில்: அந்தக் கோட்டாலதான் தம்பி சண்டை கூடிச்சு. இதை எங்க வீட்டுக் கதையை வச்சு சொல்லுதேன். எங்க அப்பா வகையில பாகம் பிரிச்சப்போ கிணறு சித்தப்பா பங்குல விழுந்துட்டு. தண்ணி கோர எல்லாருக்கும் பாத்தியம் உண்டு, கிணத்துக்கு "அருகே" யாரும் கட்டடம் கட்டக்கூடாதுன்னு பத்திரத்துல எழுதியாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு சித்தப்பா கொஞ்சம் தள்ளி ஒரு கக்கூஸ் கட்டினாரு. அருகேன்னா எத்தனை அடி? பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது எங்களுக்குள்ள, கல்யாணத்துக்கு கூட பத்திரிகை வைக்கல.

உகைர்லயும் அச்சு அசல் இதே மாதிரிதான் எழுதினாங்க. ஈராக் பக்கம் கிணறு கிட்டத்துல இருந்தா நஜ்து கோத்திரங்க வந்து தண்ணி எடுத்துக்கலாம், எல்லைக்கு "அருகே" உள்ள கிணத்துல ரெண்டு அரசாங்கமும் கோட்டை கட்டக்கூடாது. 1927-ல ஈராக்காரங்க புசையா கிணத்தடியில போலீஸ் போஸ்ட் கட்ட ஆரம்பிச்சாங்க. எல்லைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, இது எப்படி அருகேன்னு பாக்தாத் கேக்குது. பாலைவனத்துல ஒட்டகத்துக்கு அது ஒரு தூரமா, அடுத்த தண்ணியே அதுதானேன்னு முதைர் கோத்திரத்து தலைவரும் இக்வான் தளபதியுமான ஃபைசல் அல்-துவைஷ் கேக்காரு. அவரு வாயால மட்டும் கேக்கல, நவம்பர்ல ஆளை அனுப்பி கட்டட வேலைக்காரங்களையும் போலீஸையும் வெட்டிப் போட்டுட்டாரு. பதிலுக்கு ஆர்.ஏ.எஃப்., அதான் பிரிட்டிஷ் விமானப்படை, அதோட விமானம் எல்லை தாண்டி போயி குண்டு போட்டுது. குண்டுக்கு கொள்ளைக்காரன் யாரு மேய்க்க வந்தவன் யாருன்னு தெரியுமா என்ன.

நம்ம கடல்காரங்ககிட்ட இதைச் சொன்னா சட்டுனு புரிஞ்சிரும். 1976-ல குமரிக்கு தெக்க உள்ள வெட்ஜ் பேங்க்ங்கிற மீன்பிடி இடம் இந்தியாவுக்குன்னு ஆனப்போ, இலங்கைக்காரங்க ஆறு கப்பல் மட்டும் மூணு வருஷத்துக்கு வந்து மீன் பிடிச்சுக்கலாம், வருஷம் 2,000 டன்னுக்கு மேல கூடாதுன்னு எழுதினாங்க. எத்தனை கப்பல், எத்தனை வருஷம், எத்தனை டன்னுன்னு நம்பர் போட்டு எழுதிட்டா அதுல அருகே தூரேன்னு சண்டை வராது பாருங்க. உகைர்ல கிணத்துக்கு இத்தனை மைல்னு ஒரு நம்பர் எழுதியிருந்தா துவைஷ் சும்மா இருந்திருப்பாரான்னு கேட்டா, இருந்திருக்க மாட்டாரு, ஆனா இப்னு சவூத் அவரைக் கண்டிக்க ஒரு பிடி கிடைச்சிருக்கும். கிடைக்காததால நடுவுல மாட்டினது இப்னு சவூதுதான், தான் வளத்த படையை விடவும் முடியல வெள்ளக்காரனைப் பகைக்கவும் முடியல. 1915-ல தாரீன்ங்கிற ஊர்ல வெள்ளக்காரன்கூட ஒப்பந்தம் போட்டு, பிறகு மாசம் 5,000 பவுண்டுன்னு பல வருஷம் வாங்கினவரு ஆச்சே.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): அந்த துவைஷ் கடைசியில என்ன ஆனாரு?

பதில்: 1929 மார்ச்ல சபிலாங்கிற இடத்துல இப்னு சவூதே இக்வானை எதுத்து நின்னாரு. ஒட்டகத்துல வந்தவங்களை மெஷின் கன் அறுத்துட்டு. துவைஷுக்கு பலத்த காயம், பொழைக்க மாட்டாருன்னு விட்டுட்டாங்க, ஆனா மனுசன் எழும்பி வந்து திரும்ப கலகம் பண்ணினாரு. கடைசியில போக்கிடம் இல்லாம 1930 ஜனவரியில பிரிட்டிஷ்காரங்ககிட்டயே வந்து சரணடைஞ்சாரு. உயிருக்கு ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டு அவங்க இப்னு சவூத் கையில ஒப்படைச்சாங்க. மறுவருஷம் ரியாத் சிறையில செத்துப் போனாரு. அதுக்கு முந்தியே, 1930 பிப்ரவரியில, இப்னு சவூதும் ஈராக் ராஜா ஃபைசலும் சந்திச்சாங்க. யாரு மண்ணுல யாரு கால் வைக்கதுங்கிற மானப் பிரச்சினையில, வளைகுடா நடுக்கடல்ல லூபின்ங்கிற பிரிட்டிஷ் கப்பல்ல வச்சுதான் பேச்சு.

கேள்வி (அதே மார்த்தாண்டம் வாசகர்): நீங்க ஒட்டகக்கறி தின்னுருக்கேளா?

பதில்: இல்ல. மரச்சீனியும் சாளைக் கொழம்பும் வீட்டுல இருக்குத வரைக்கும் அந்த எண்ணம் வராது.