பாங்காக் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா? வெயிலையும் குழந்தைகளையும் சேர்த்து ஒரு கணக்கு

கேள்வி: ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் சம்பளம் 28,000 ரூபாய், கணவருக்கு 62,000. மகனுக்கு 5 வயது, மகளுக்கு 3. வரும் மே விடுமுறையில் குடும்பத்தோடு பாங்காக் போக ஆசை. 5 நாள் பாங்காக் - பட்டாயா பேக்கேஜுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து 2,10,000 ரூபாய் கேட்கிறார்கள். மாதம் 5,000 கட்டிவரும் ஆர்.டி. ஜூனில் முதிரும்போது 60,000 கிடைக்கும். அவசரத்துக்கென்று 1,50,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது. மீதிப் பணத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? "இந்த வயசுக் குழந்தைகளுக்கு எதுக்கு வெளிநாடு" என்று வீட்டில் சொல்வதும் உறுத்துகிறது.

பதில்: போய்விட்டு வாருங்கள். ஆனால் மே மாதம் வேண்டாம், அந்தப் பேக்கேஜ் வேண்டாம், கடனும் வேண்டாம்.

முதலில் கடன். 1,50,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் 2 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 7,200 ரூபாய். வட்டியாக மட்டும் 22,800 ரூபாய் போகும், பிராசஸிங் கட்டணம் தனி. ஒருவருடைய போக வர விமான டிக்கெட்டே அந்தக் காசுக்கு வந்துவிடும். எஃப்.டி.யைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் வேலை தனியாரில், வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். உங்கள் வருமானத்துக்கு 1,50,000 என்பது இரண்டு, மூன்று மாதச் செலவைத்தான் தாங்கும். அது இன்னும் வளர வேண்டிய பணம்.

அடுத்தது மே மாதம். ஏப்ரலும் மேயும்தான் பாங்காக்கில் கடும் வெயில். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் அங்கே இருக்கும் புழுக்கம் வேறு மாதிரி. வியர்வை காயாது, உடம்பு ஆறாது. பெரியவர்கள் சமாளித்துவிடலாம். 3 வயதுக் குழந்தை பதினொரு மணிக்கே துவண்டுவிடும். பேக்கேஜ் பேருந்து அதற்காகக் காத்திருக்காது. காலை எட்டு மணிக்கு ஏற்றினால் இரவுதான் இறக்கிவிடுவார்கள். நடுவில் பட்டாயா வேறு, அங்கே போக மட்டும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். குழந்தை அழுதால் நீங்களோ கணவரோ தூக்கிக்கொண்டு வண்டியிலேயே உட்கார வேண்டியதுதான். பணம் கட்டிய இடத்தில் பாதியைப் பார்க்க மாட்டீர்கள். இந்தப் பேக்கேஜில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் அதுதான்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மழை குறைவு, வெயிலும் தாங்கும்படி இருக்கும். டிசம்பர் கடைசி வாரம் எல்லா விலையும் ஏறிவிடும், அதைத் தவிருங்கள். மாட்டுப் பொங்கலை வீட்டில் முடித்துவிட்டு, விடுமுறையோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்துக் கிளம்பலாம். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: ஜனவரியில் பாங்காக்கில் காற்று மாசு அதிகமாகும் நாட்கள் உண்டு. குழந்தைகளில் யாருக்காவது வீசிங் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள், நவம்பரே நல்லது என்று அவர் சொல்லலாம்.

இனி பணம் எங்கே போகும் என்று பார்ப்போம். 2 வயது முடிந்த குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை, கட்டணமும் பெரியவர்களுக்கு அருகில்தான். ஆகவே நான்கு டிக்கெட் என்றே வையுங்கள். ஊருக்குள் போனால் கணக்கு தலைகீழ். கிராண்ட் பேலஸ் அரண்மனையில் பெரியவர்களுக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்), 120 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு இலவசம். வாட் போ கோயிலிலும் அதே உயரக் கணக்கு. பி.டி.எஸ். என்ற நகர ரயிலில் 90 சென்டிமீட்டர் வரை இலவசம். கிளம்பும் முன் இரண்டு பேரையும் சுவரோடு நிற்க வைத்து அளந்து பாருங்கள். ஒரு பாட் 3 ரூபாய் என்று போட்டுக் கணக்கிடுங்கள், மிச்சம் வந்தால் வரட்டும்.

நுழைவுச் சீட்டில் மிச்சமாகும் பணத்தை நிழலுக்கும் ஓய்வுக்கும் செலவழியுங்கள். விலை குறைந்த அறை என்று ஊருக்கு வெளியே எடுத்துவிட்டு, தினமும் நெரிசலில் டாக்ஸிக்குக் கொட்டுகிறவர்கள் அதிகம். பி.டி.எஸ். நிலையத்திலிருந்து குழந்தை நடக்கும் தூரத்தில், சின்ன நீச்சல் குளம் உள்ள விடுதியாகப் பாருங்கள். ஓர் இரவுக்கு ஆயிரம் ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம் என்றால் விடியற்காலையில் அங்கே இறங்குவீர்கள். அறையோ மதியம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். தூங்காத இரண்டு குழந்தைகளோடு எட்டு மணி நேரம் எங்கே இருப்பீர்கள்? முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். வீண் செலவு போலத் தெரியும், ஆனால் முதல் நாளைக் காப்பாற்றுவது அதுதான்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கிராண்ட் பேலஸ் என்றால் காலை 8.30 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். உள்ளே நிழல் குறைவு, பத்து மணிக்கு மேல் கூட்டம் நெருக்கித் தள்ளும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், மெல்லிய பருத்தியில் எடுத்துப் போங்கள். வழியில் யாராவது "இன்று அரண்மனை மூடல், வேறு இடம் காட்டுகிறேன்" என்று டுக்டுக்கில் ஏற்றப் பார்த்தால் நம்பாதீர்கள், நகைக்கடையில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரை உங்கள் மகன் கண்டிப்பாக ரசிப்பான். அங்கிருந்து படகுத்துறை பக்கம்தான். சாவ் பிரயா ஆற்றில் சாதாரணப் பயணிகள் படகு குறைந்த கட்டணத்துக்கே ஓடுகிறது. சுற்றுலாப் படகுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை, காற்று இரண்டிலும் ஒன்றுதான்.

பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு, தூக்கம், குளம். நான்கு மணிக்கு மேல் லும்பினி பூங்காவுக்குப் போனால் குழந்தைகள் விளையாடலாம், ஏரிக்கரையில் பெரிய உடும்புகள் ஊர்வதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். கட்டணம் கிடையாது. இன்னொரு மாலை சிலோம் சாலையில் நம் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். சத்துசாக் சந்தை வார இறுதியில் பெரியவர்களுக்கு ஆசையாக இருக்கும், ஆனால் அந்த நெரிசலில் 3 வயதுக் குழந்தையைக் கொண்டு போகாதீர்கள். ஒருவர் போய்வரட்டும், ஒருவர் குழந்தைகளோடு இருக்கட்டும்.

சரி, பணத்துக்கு வழி. கடன் தவணைக்கு ஒதுக்கத் தயாராக இருந்த 7,000 ரூபாயை மே முதலும், ஆர்.டி. தவணை 5,000 ரூபாயை அது முதிரும் ஜூன் முதலும் டிசம்பர் வரை தனிக் கணக்கில் போடுங்கள். 91,000 ஆகும். முதிரும் ஆர்.டி. 60,000 சேர்ந்தால் 1,51,000. விமானத்துக்கு 80,000, முந்தைய இரவோடு சேர்த்து 6 இரவு அறைக்கு 27,000, சாப்பாடு, ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து நாளுக்கு 7,500 வீதம் 37,500 என்று என் மதிப்பீடு. கையிருப்பாக 6,500 ரூபாய் மிஞ்சும். விமான டிக்கெட்டை ஆகஸ்ட், செப்டம்பருக்குள் எடுத்துவிடுங்கள். விலை இதைத் தாண்டினால் ஒரு நாளைக் குறையுங்கள், கடனுக்குத் திரும்பாதீர்கள்.

அந்தக் கையிருப்பில் முதல் செலவு பயணக் காப்பீடு. குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் அங்கே தனியார் மருத்துவமனைச் செலவு அதிகம். பாலிசியில் புறநோயாளி சிகிச்சை உண்டா, முதலில் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா, பாட் நாணயத்திலா என்று மெஷின் கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் உண்டு, சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள். பிறகு மனம் மாறி ஏதாவது பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியை விற்பவரே உங்களிடம் பிடிப்பார். அந்த ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமான வரிக் கணக்கில் காட்டி, கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும்.

வீட்டில் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இந்தப் பயணம் நினைவில் நிற்காமல் போகலாம். ஆனால் வருடம் முழுக்க ஓடி உழைக்கும் நீங்கள் இருவரும் அவர்களோடு 5 நாள் அவசரமில்லாமல் இருக்க ஆசைப்படுகிறீர்கள். கடனில்லாமல் முடியும் என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.