கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆகி முடிந்ததும் கணினி தானாக அணைய வேண்டும்

கேள்வி: கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். ராத்திரி எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை முழு வீடியோ கோப்பாக்குவது) போட்டுவிட்டுப் படுத்தால் கணினி விடிய விடிய ஓடிக்கொண்டே கிடக்கிறது. கட்டளை கொடுத்தால் தானாக அணையும் என்கிறார்கள். எப்படி? கொடுத்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்த முடியுமா? விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக முடியும், தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள், சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ஷட்டவுன் /எஸ் /டி 7200 (shutdown /s /t 7200) என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஷட்டவுன் என்பதை ஒரே சொல்லாக அடிக்க வேண்டும், ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஓர் இடைவெளி, எண்ணுக்கு முன்னாலும் ஒன்று. 7200 என்பது விநாடிக் கணக்கு, அதாவது 2 மணி நேரம். எஸ் இருக்கும் இடத்தில் ஆர் போட்டால் அணைந்து மறுபடி தொடங்கும்.

நிறுத்த வேண்டுமா? அதே பெட்டியில் ஷட்டவுன் /ஏ (shutdown /a). திரையில் வரும் அறிவிப்பை மூடிவிட்டால் ரத்தாகிவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், ஆகாது, நேரம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நேரத்தை மாற்றுவதானாலும் முதலில் /ஏ கொடுத்து ரத்து செய்துவிட்டுத்தான் புதிதாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனியுங்கள். இப்படி நேரம் குறித்துக் கொடுத்தால், கட்டாயமாக மூடு என்று சொல்லும் /எஃப் தனியாகப் போடாவிட்டாலும், திறந்திருக்கும் எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக மூடிவிட்டுத்தான் விண்டோஸ் அணையும். சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்காது. எக்ஸ்போர்ட் பாதியில் இருந்தால் அதுவும் போச்சு, ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் அது. அதனால் எடிட் செய்த புராஜெக்டை முதலில் சேமியுங்கள், அப்புறம் எக்ஸ்போர்ட் 2 மணி நேரம் பிடிக்கும் என்று மென்பொருள் காட்டினால் 3 மணி நேரத்துக்கு, அதாவது 10800 என்று போடுங்கள், கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடினால் ஓடட்டும். சில மென்பொருள்களில் வேலை முடிந்ததும் கணினியை அணை என்ற வசதியே இருக்கும், உங்களுடையதில் இருந்தால் கட்டளையை விட அதுதான் நல்லது, நேரத்தை ஊகிக்கவே வேண்டியதில்லை.

முதல் தடவையே ராத்திரியில் வேண்டாம். பகலில் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு 600 என்று கொடுத்து, உடனே /ஏ போட்டு ரத்து செய்து ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.