காட்டில் பார்க்கும் ஆர்க்கிட் எந்த இனம் என்று எப்படி உறுதிசெய்வது? செயலிகள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொல்கின்றனவே?

நிறத்தை வைத்துப் பெயர் தேடுவதை முதலில் விடுங்கள். ஒரே இனத்தில் வெள்ளைப் பூவும் இளஞ்சிவப்புப் பூவும் உண்டு. பூ முதிர்ந்தாலும் நிறம் மாறும். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் நிறம்தான் தெரியும், இனத்தைப் பிரித்துக்காட்டும் உறுப்பு சரியாகத் தெரியாது. செயலி தடுமாற இதுவும் ஒரு காரணம்.

அந்த உறுப்பு உதட்டிதழ். ஆர்க்கிட் பூவில் மூன்று புல்லியிதழ், மூன்று அல்லியிதழ். அல்லிகளில் ஒன்று மட்டும் உருமாறி உதடாக நிற்கும். பல இனங்களில் அதன் அடி பையாகவோ குழலாகவோ நீண்டிருக்கும். நரிவால் ஆர்க்கிட் எனப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவையும் ஏரிடிஸ் வகைகளையும் பாருங்கள். இரண்டும் மரத்தில் தொற்றி வளர்பவை. வார் போன்ற தடித்த இலை, நீண்ட பூங்கொத்து, வெள்ளையில் ஊதா கலந்த பூ என்று தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் குழப்பம் தீரும். நரிவாலில் உதட்டின் அடி இருபுறமும் அமுங்கிய பையாகப் பின்னோக்கி இருக்கும். ஏரிடிஸில் அது பெரும்பாலும் கொம்புபோல முன்பக்கம் வளைந்திருக்கும்.

அடுத்து, பூந்தண்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். பல்போஃபில்லம் என்ற பேரினத்தில் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) போலிக்குமிழின், அதாவது குமிழ்போலப் பருத்த தண்டின், அடியிலிருந்து வரும். டென்ட்ரோபியம் பேரினத்தில் தண்டின் கணுக்களிலிருந்து வரும். பூ இல்லாத காலத்திலும் காய்ந்த பழைய பூந்தண்டு இதைக் காட்டிக்கொடுக்கும்.

தரை ஆர்க்கிட்டுகள்தான் அதிகம் சோதிக்கும். ஹேபெனேரியா என்ற பேரினத்தில் பூவுக்குப் பின்னால் முறுக்கிய காம்புபோல இருப்பது உண்மையில் பின்னர் காயாகும் சூலகம். உதட்டின் அடியிலிருந்து நீளும் தேன்குழல் சூலகத்தைவிட நீளமா குட்டையா, அல்லியிதழ் பிளவுபட்டதா இல்லையா, இலைகள் தண்டு நெடுக உள்ளனவா, தரையோடு படிந்துள்ளனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் அளவுகோலைப் பூவின் அருகே பிடித்து ஒரு படம் கட்டாயம் எடுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்து இந்தப் பேரினத்தில் இனம் சொல்வது மிகவும் கடினம். நெர்விலியா என்ற தரை ஆர்க்கிட்டில் பூ வாடிய பிறகே இலை தலைகாட்டும். அதனால் பூ மட்டும் நிற்பதைப் பார்த்து இலையற்ற ஆர்க்கிட் என்று எழுதிவிடாதீர்கள். அதே இடத்துக்குச் சில வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

ஆக, ஒரு செடிக்கு நேர்ப்படம், பக்கவாட்டுப் படம், பூவின் பின்பக்கம், இலை, செடியின் அடி, முழுச்செடி என்று எல்லாம் வேண்டும். தொற்றுச்செடியானால் எந்த மரம் என்பதையும், தரைச்செடியானால் புல்வெளியா நிழலா என்பதையும் மாதத்தோடு குறியுங்கள். பூவோ காயோ இல்லையென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கிழங்கைப் பார்க்க எந்தச் செடியையும் தோண்டாதீர்கள், இனம் காண அது தேவையே இல்லை. படங்களைப் பொதுத்தளத்தில் ஏற்றும்போது துல்லியமான இருப்பிடத்தை மறைத்துவிடுங்கள். விற்பனைக்காகச் செடியைப் பெயர்த்துச் செல்பவர்களும் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கலாம், அதையும் நீக்கிய பிறகு பகிருங்கள்.