கன்சாஸில் சைக்கிள் ஓட்ட உருப்படியான சாலை உண்டா?

கன்சாஸ் சிட்டிக்கு வேலை மாற்றலாகி வந்திருப்பதாகவும், கையில் ஒரு ரோடு பைக் (தார்ச் சாலைக்கான, மெல்லிய டயர் கொண்ட சைக்கிள்) இருப்பதாகவும், 'இந்தத் தட்டையான மக்காச்சோளக் காட்டில்' ஆறும் புல்வெளியும் பார்த்தபடி ஓட்டுவதற்கு உருப்படியான சாலை ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. உங்கள் வீட்டிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் கவுன்சில் குரோவ் என்ற சிற்றூர் வரும். அங்கிருந்து தெற்கே கசோடே வரை மாநில நெடுஞ்சாலை 177 பிளின்ட் ஹில்ஸ் என்னும் குன்று நாட்டை ஊடறுத்துச் செல்கிறது. மொத்தம் 47 மைல், அதாவது சுமார் 75 கிலோமீட்டர். தேசிய அழகுச் சாலைகளின் பட்டியலில் இடம்பெற்ற சாலை அது.

பதில் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் உங்கள் கேள்வியில் இருந்த 'உருப்படியான' என்ற சொல் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நான் இந்த மாநிலத்தில்தான் பல ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழ்கிறேன். கன்சாஸ் என்றதும் 'அங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்காத உறவினரோ நண்பரோ எனக்கு இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டை விமானத்தின் ஜன்னலிலிருந்தோ, மணிக்கு 75 மைல் வேகத்தில் வண்டிகள் ஓடும் டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையிலிருந்தோ பார்த்தவர்கள். அந்த வேகத்தில் குன்றுகளின் ஏற்ற இறக்கத்தை என்ஜின் வாங்கிக்கொள்வதால் உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை. 2014-இல் புவியியலாளர்கள் இருவர் அமெரிக்க மாநிலங்களின் தட்டைத்தன்மையை முறையாக அளந்து வரிசைப்படுத்தினார்கள். முதலிடம் புளோரிடாவுக்கும் இரண்டாமிடம் இல்லினாய்ஸுக்கும் போயிற்று. கன்சாஸ் ஏழாவதாகத்தான் வந்தது. அதிலும் மேற்குப் பகுதியின் சமவெளியையும் பிளின்ட் ஹில்ஸையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமே இல்லை.

இந்தக் குன்றுகளில் புல் எஞ்சி நிற்பதற்குக் காரணம் கல். மேல்மண் மிக மெல்லியது. அதற்கு அடியில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளும், அவற்றுக்கிடையே பட்டை பட்டையாகச் சிக்கிமுக்கிக் கல்லும் கிடக்கின்றன. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கர் பரப்பில் நெடும்புல் வெளி விரிந்திருந்தது. நல்ல கருமண் இருந்த இடங்களையெல்லாம் உழுது மக்காச்சோளமும் சோயாவும் விதைத்துவிட்டதால், இன்று எஞ்சியிருப்பது அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. அந்த எச்சத்தின் பெரும்பகுதி இருப்பது இங்கேதான், ஏனென்றால் இந்தக் கல்லில் கலப்பை இறங்கவில்லை. உழ முடியாத நிலத்தைக் குடியேறியவர்கள் மாட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள், புல் பிழைத்துக்கொண்டது. சைக்கிளில் போகும்போது இது கண்முன்னே தெரியும்: ஆற்றோரத் தாழ்வில் வண்டல் மண் ஆழமாக இருப்பதால் வயல்கள் இருக்கும், சாலை மேலேறத் தொடங்கியதும் வயல் நின்று, வானம் தொடுமிடம் வரை புல் மட்டுமே இருக்கும்.

சிகாகோவில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவரையும் இந்தச் சாலைக்கு அழைத்துப் போனேன். அது மே மாதக் கடைசி. காரைக் கவுன்சில் குரோவில் நிறுத்திவிட்டு, காலையிலேயே தெற்கு நோக்கிக் கிளம்பினோம். கிளம்பும்போதே அவர், "மாப்பிள்ளை, வெறும் புல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். "மச்சான், மதியம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். நியோஷோ ஆற்றைப் பின்னால் விட்டுச் சாலை ஏறியதும் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. இங்கே பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் காற்று வீசும், வெயில் ஏற ஏற அதன் பலமும் ஏறும். ஏற்றங்கள் எவையும் நீளமானவை அல்ல. ஆனால் அவை ஓய்வதே இல்லை. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் அடுத்த பள்ளமும் அதற்கப்பாலுள்ள மேடும் கடலலை போல அடுக்கடுக்காகத் தெரிந்தன. முதல் சில மைல்களில் அலுத்துக்கொண்டு வந்த மச்சான், பிறகு பேச்சையே விட்டுவிட்டு வேலிக் கம்பியில் உட்கார்ந்து பாடும் மெடோலார்க் குருவிகளை எனக்குக் கைகாட்டத் தொடங்கினார்.

ஸ்ட்ராங் சிட்டிக்கு இரண்டு மைல் வடக்கே, சாலையோரத்திலேயே நெடும்புல் வெளித் தேசியக் காப்பகம் இருக்கிறது. 1996-இல் உருவாக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 11,000 ஏக்கர். 1881-இல் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய மூன்றடுக்குப் பண்ணை வீடும், அடுத்த ஆண்டு எழுந்த ஓரறைப் பள்ளிக்கூடமும் இன்னும் உறுதியாக நிற்கின்றன. கலப்பையை விரட்டிய அதே நிலத்தின் கல்தான் இந்தச் சுவர்களிலும் இருக்கிறது. 2009-இல் இங்கே மீண்டும் கொண்டுவந்து விட்ட பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) மந்தையைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடக்க வேண்டும்.

அடுத்தது காட்டன்வுட் ஃபால்ஸ். ஊருக்கு நுழைவாயிலாகக் காட்டன்வுட் ஆறும், அதன் மீது 1914-இல் கட்டிய பழைய வளைவுப் பாலமும், பக்கத்தில் ஆலை அணையில் விழும் தண்ணீரும் இருக்கின்றன. செங்கல் பாவிய கடைத்தெருவின் மறுமுனையில் 1873-இல் கட்டிய சேஸ் கவுண்டி நீதிமன்றம் சுண்ணாம்புக் கல்லில் உயர்ந்து நிற்கிறது, இன்றும் அது நீதிமன்றமாகவே இயங்குகிறது. அதே 1873-இல்தான் இந்த மாநிலத்துக்குப் பெயர் கொடுத்த கான்சா மக்களை, அதாவது கா பழங்குடியினரை, கவுன்சில் குரோவ் அருகிலிருந்த அவர்களுடைய கடைசி நிலத்திலிருந்தும் வெளியேற்றி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். இந்தக் கட்டடத்தின் அழகைச் சொல்லும் சுற்றுலாக் குறிப்புகள் இந்த இரண்டாவது செய்தியையும் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். புல்வெளி மனிதர்கள் இல்லாமல் கிடந்த வெற்றிடம் அல்ல. இளம்புல்லைத் தேடி விலங்குகள் வரட்டும் என்று கா மக்கள் புல்லுக்குத் தீ வைத்தார்கள், இன்றைய பண்ணைக்காரர்களும் ஏப்ரலில் அதையே செய்கிறார்கள். தீ இல்லாவிட்டால் மரங்கள் முளைத்துப் புல்லை மூடிவிடும்.

அன்று நாங்கள் மதிய உணவுக்குப் பிறகு அங்கிருந்தே வடக்கே திரும்பிவிட்டோம். காலையில் எங்களைத் தடுத்த காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது. வழியில் தண்ணீர் குடிக்க நின்றபோது, பிக்கப் வண்டியில் வந்த ஒரு பண்ணைக்காரர் வேகத்தைக் குறைத்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் போனார். கவுன்சில் குரோவில் சைக்கிளைக் காரில் ஏற்றும்போது மச்சான், "அக்டோபரில் புல் சிவக்கும் என்றீர்களே, அப்போதும் வருகிறேன்" என்றார். வந்தார். பெரிய புளூஸ்டெம் புல் அந்தப் பருவத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி, செம்பு நிறத்தில் நின்றது.

இதைப் படிப்பவர்களில் சிலர் கொலராடோவின் மலைப் பாதைகளையும் கலிஃபோர்னியாவின் கடற்கரைச் சாலையையும் எடுத்துக்காட்டி என்னைத் திருத்த வரக்கூடும். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் பந்தயக்காரனும் அல்ல. கேட்டவர் இருப்பது கன்சாஸ் சிட்டியில், அவர் கேட்டது ஆறும் புல்வெளியும். அந்த இரண்டுக்கும் இதைவிட நல்ல சாலையை நான் பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பெயர் பெற்ற வழிகாட்டிச் செயலி ஒன்று 'அமைதியான வழி' என்று சொல்லி ரோடு பைக்காரர்களைக் கிளைச் சாலைகளுக்குத் திருப்பிவிடுகிறது. அந்தச் சாலைகள் தார் போட்டவை அல்ல. உடைந்த சிக்கிமுக்கிக் கல் கத்தி முனைபோல டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும், அதன்பின் ட்யூப் மாற்றியும் பயன் இல்லை. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கைப்பேசிச் சிக்னல்கூட இல்லாத இடத்தில், கிழிந்த டயரோடு வெயிலில் மைல் கணக்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பல முறை எழுதியும் அந்த நிறுவனம் வரைபடத்தைத் திருத்தவில்லை. எம்போரியா நகரில் 2006 முதல் நடந்துவரும், இன்று அன்பவுண்ட் என்று அழைக்கப்படும் 200 மைல் பந்தயம் இதே கிராவல், அதாவது சரளைக்கல், சாலைகளில்தான் நடக்கிறது. அதற்கு வருபவர்கள் அகலமான, தடித்த டயர்களோடு வருகிறார்கள். உங்களிடம் இருப்பது ரோடு பைக், ஆகவே தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். பிறகு அகலமான டயர் வாங்கினால், பழைய ரயில் பாதையில் அமைத்த பிளின்ட் ஹில்ஸ் டிரெயில் கவுன்சில் குரோவ் வழியாகவே போகிறது.

தார்ச் சாலையிலும் கவனம் தேவை. மாட்டு லாரிகள் வரும். மூன்றடி இடைவெளி விட்டுத்தான் சைக்கிளைக் கடக்க வேண்டும் என்பது கன்சாஸ் சட்டம், பெரும்பாலோர் அதைவிட அதிகமாகவே விடுகிறார்கள். இருந்தாலும் பளிச்சென்ற சட்டையும் பின் விளக்கும் இல்லாமல் போகாதீர்கள். காட்டன்வுட் ஃபால்ஸுக்குத் தெற்கே பசார், மேட்ஃபீல்ட் கிரீன் என்ற இரண்டு குக்கிராமங்களைத் தவிரக் கசோடே வரை ஊரே கிடையாது, நிழலும் அரிது. அது 30 மைலை நெருங்கும் தூரம், கடையை நம்பி இறங்க முடியாது. பாட்டில்கள் அனைத்தையும் நிரப்பிக்கொண்ட பிறகே அந்தப் பகுதிக்குள் போங்கள். என் கண்ணுக்கு மொத்தச் சாலையிலும் அழகான பகுதி அதுதான்.

முதல் முறைக்குக் கவுன்சில் குரோவிலிருந்து காட்டன்வுட் ஃபால்ஸ் வரை போய்த் திரும்புவது போதும். ஏப்ரலில் புகை இருக்கும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் கொளுத்தும். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும் வரையும் நல்ல பருவம். வசந்தத்தில் மாலை நேரங்களில் இடியும் ஆலங்கட்டியுமாக மழை பிடித்துக்கொள்ளும், ஒதுங்க இடம் இராது என்பதால் மதியத்துக்குள் திரும்பப் பாருங்கள். முதல் நாள் இரவே காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். தெற்குக் காற்று என்றால் நான் சொன்னபடியே கவுன்சில் குரோவில் தொடங்குங்கள். வடக்குக் காற்று என்றால் காரைக் காட்டன்வுட் ஃபால்ஸில் நிறுத்திவிட்டு, முதலில் வடக்கே போய், காற்றோடு தெற்கே திரும்புங்கள்.