நிறுத்தக்குறிகளை விதி மீறிப் போட்டு எழுதினால் வாசகரைப் பிடித்து வைக்க முடியுமா?

முடியும். ஆனால் தமிழில் அதற்கு முப்புள்ளியும் ஆச்சரியக்குறியும் அவ்வளவாக உதவாது. சாதாரண முற்றுப்புள்ளிதான் உதவும். இது பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆரம்பத்தில் நானும் முப்புள்ளிப் பைத்தியம்தான். "அவள் வந்தாள்... பார்த்தாள்... போய்விட்டாள்..." என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒரு சிற்றிதழில் என் கதை வந்தபோது அத்தனை புள்ளிகளையும் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் நிதானமாகப் படித்தால் கதையில் ஒன்றும் குறையவே இல்லை! அதுதான் அதிகம் வலித்தது.

ஏன் குறையவில்லை என்று பிறகுதான் யோசித்தேன். நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. 'வந்தாள்' என்றதுமே வாக்கியம் முடிந்தது காதுக்குத் தெரிந்துவிடும். 'வந்து' என்றால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்போம். 'அண்ணனும் தம்பியும்' என்பதில் உம் இருக்கிறது, காற்புள்ளி எதற்கு? ஓலைச்சுவடிக் காலத்தில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் கிடையாது, அவை ஐரோப்பியத் தொடர்பாலும் அச்சாலும் வந்தவை.

குறி இல்லாததையே உத்தியாக்கியும் இருக்கிறார்கள். செய்யுளில் எந்தச் சொல்லை எதோடு சேர்த்துப் பொருள் கொள்வது என்ற முறைக்குப் பொருள்கோள் என்று பெயர். நன்னூல் சொல்லும் 8 பொருள்கோள்களில் தாப்பிசை என்று ஒன்று உண்டு. நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய் இரண்டு பக்கமும் பொருள் தரும். "உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண" என்ற 255-வது குறளில் 'ஊன்' அப்படித்தான். 'ஊன் உண்ணாமை' என்றும் கொள்ள வேண்டும், 'ஊன் உண்ண' என்றும் கொள்ள வேண்டும். அந்த ஊனுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி போட்டுப் பாருங்கள், ஊஞ்சல் நின்றுவிடும்.

சரி, இப்போது முற்றுப்புள்ளிக்கு வருகிறேன். காது 'இன்னும் இருக்கிறது' என்று காத்திருக்கும் இடத்தில், அதாவது வினையெச்சத்துக்குப் பின்னால், அதைப் போடுங்கள்.

"கதவைத் திறந்து. உள்ளே எட்டிப் பார்த்து. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பிவிட்டார் அப்பா."

இலக்கணப்படி தவறு. ஆனால் 'பார்த்து' என்ற இடத்தில் நீங்களும் அவரோடு வாசலில் நின்றிருப்பீர்கள். இதை ஒரு கதையில் ஒரு இடத்தில்தான் செய்வேன். இரண்டாவது முறை வந்தால் வாசகர் அப்பாவை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

எதிர்த் திசையிலும் போகலாம். 1998-இல் நோபல் வாங்கிய போர்த்துகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ உரையாடலுக்கு மேற்கோள்குறி போடமாட்டார். ஒரு காற்புள்ளி, அடுத்து ஒரு பெரிய எழுத்து (ஆங்கிலத்தில் கேப்பிட்டல் என்பார்களே, அது), பேசும் ஆள் மாறிவிடுவார். ஆசைப்பட்டு நானும் அப்படி ஒரு கதை எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "இதை யாருடா சொல்றது?" என்றாள். தமிழில் பெரிய எழுத்து ஏது! அப்புறம் ஒருவரை 'வாங்க, சொல்லுங்க' என்றும் மற்றவரை 'வாடா, சொல்லு' என்றும் பேசவிட்டேன். மேற்கோள்குறி ஒன்றுகூட இல்லாமல் யார் பேசுகிறார் என்பது தெளிவாகிவிட்டது. மரியாதை விகுதி இந்த வேலைக்கும் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது. இருவரும் ஒரே வயது, ஒரே மாதிரிப் பேசுகிறவர்கள் என்றால் இது எடுபடாது. அங்கே பேசாமல் மேற்கோள்குறியைப் போட்டுவிடுங்கள்.

முப்புள்ளியைக் கதைகளில் விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் மட்டும் இன்னும் விடவில்லை. "சரி" என்று அனுப்பினால் அக்கா கண்டுகொள்ளமாட்டாள். "சரி..." என்று அனுப்பினால் அடுத்த நிமிடம் போன் வரும்.